கடல் எச்சரிக்கையைப் பார்வையற்றவரும் படிக்கும்படி இணையதளத்தில் வெளியிடுவது எப்படி?

கேள்வி: மண்டபம்கரை

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு அருகே கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊர் நாட்டுப்படகு மீனவர் சங்கத்துக்காக ஒரு சிறிய இணையதளத்தை அமைத்து, மூன்று ஆண்டுகளாக நானே பராமரித்து வருகிறேன். நாள்தோறும் மாலையில் மறுநாளைய காற்று, அலை நிலவரமும் அன்றைய ஏலத்தில் போன மீன் விலையும் அதில் வரும். தடைக்கால நிவாரணப் பட்டியல், மானிய டீசல் ஆகியவை பற்றிய அறிவிப்புகள் அவ்வப்போது வரும். ஊரில் பெரும்பாலோர் செல்பேசியில் அதைத் திறந்து பார்ப்பதால், எல்லோருக்கும் பயன்படுகிறது என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

சென்ற வாரம் என் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். இளம் வயதில் சங்கு குளித்தவர். கண்நீர் அழுத்த நோயால் இரண்டு கண்களிலும் பார்வை போய் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இருந்தாலும், அண்ணன் மறுநாள் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை அந்த வீட்டில் இன்றும் அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். பேரன் அவருடைய செல்பேசியில், திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் டாக்பேக் வசதியை இயக்கிக் கொடுத்திருக்கிறான். அவர் எங்கள் தளத்தைத் திறந்து, அன்றைய எச்சரிக்கை இருந்த இடத்தில் விரலை வைத்தார். செல்பேசி "வாட்ஸ்அப் இமேஜ்" என்று தொடங்கி, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று எண்களாகவே அடுக்கிச் சொல்லிவிட்டு நின்றது. விரலை எடுத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் அதே எண்கள். "கடல் எப்படி இருக்குன்னு கேட்டா தேதிய மட்டும் சொல்லுதே தாயி" என்றார். குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு அங்கே உட்கார முடியவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அறிவிப்புகள் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒளிப்படமாக வருகின்றன. அவற்றை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறேன். அலை எச்சரிக்கை என்பது சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் தீட்டிய வரைபடம். மீன் விலை, எக்செல் தாளைப் பிடித்த திரைப்பிடிப்பு. நிவாரணப் பட்டியல், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப். சங்கத் தலைவர் பேசும் காணொளிகளும் உண்டு.

இவற்றில் எதை முதலில் திருத்த வேண்டும்? சங்கத்திடம் பணம் இல்லை. எனக்குக் கிடைப்பது மாலையில் ஒரு மணி நேரம். இன்னொரு செய்தி: ஒரு நிறுவனத்தார், தங்களுடைய ஒரு வரி நிரலைத் தளத்தில் சேர்த்தால் போதும், ஓரத்தில் ஒரு குறி தோன்றும், அதைத் தொட்டால் மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் தளம் ஏற்றதாகிவிடும் என்று சொல்லி ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள். அதை வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1: விரல்வழி

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். ராமநாதபுரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். செல்பேசியில் டாக்பேக்கும் கணினியில் என்விடிஏவும் பயன்படுத்துகிறேன். என்விடிஏ என்பது, தானும் பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான், தமிழையும் படிக்கும். உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்தது எனக்கு நாள்தோறும் நேர்கிறது. படத்துக்கு மாற்றுரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் மறைவான எழுத்து, இல்லாவிட்டால் திரைவாசிப்பானுக்குச் சொல்ல வேறொன்றும் கிடைப்பதில்லை. ஆகவே அது கோப்பின் பெயரைப் படிக்கிறது.

அதற்காக, ஒவ்வொரு படத்துக்கும் "எச்சரிக்கை அறிவிப்பு" என்று மாற்றுரை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அது, கடிதத்தைப் பிரிக்காமல் உறையைக் காட்டிவிட்டுப் போவதைப் போன்றது. அறிவிப்பில் என்ன இருக்கிறதோ அதை முழுவதும் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். இந்தக் கடற்கரையில் முதல் கேள்வி வடகடலா தென்கடலா என்பதுதான். வடகடலாகிய பாக் விரிகுடாவில் காற்று ஓங்கி, தென்கடலாகிய மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும் நாள்களும் உண்டு. நேர்மாறாக இருக்கும் நாள்களும் உண்டு. வரைபடத்தில் நிறத்தைக் கண்டு ஒரு நொடியில் விளங்கிக்கொள்வதை, "வடகடல்: செல்ல வேண்டாம். தென்கடல்: எச்சரிக்கையுடன் செல்லலாம்" என்று இரண்டு வரிகளில் சொல்லிவிட முடியும். அந்த இரண்டு வரிகளும் பக்கத்தின் உச்சியில் இருக்க வேண்டும். சங்கத்தின் கொடி, அலங்காரக் கோடு போன்ற படங்களுக்கு மாற்றுரையை வெறுமையாக விட்டுவிடுங்கள். அவற்றைக் கேட்டு எங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை.

மீன் விலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் மீன் வியாபாரம் உண்டு என்பதால் இதில் எனக்குத் தனி அக்கறை. விலைப் பட்டியலை எழுத்தாக இட்டாலும், அட்டவணையை முறையாக அமைக்காவிட்டால் என் காதில் விழுவது "450, 380, 620, 400" என்ற எண்கள் மட்டுமே. எது நகரை, எது சீலா, எது கணவாய் என்று தெரியாது. பார்க்கிறவர் கண்ணை இடப்பக்கமும் மேற்பக்கமும் ஓட்டித் தெரிந்துகொள்கிறார். எனக்கு அந்தத் தொடர்பை நிரல்தான் சொல்ல வேண்டும். மீனின் பெயரும் "கிலோ விலை" போன்ற மேல்வரியும் தலைப்புக் கட்டங்களாகக் குறிக்கப்பட்டிருந்தால், நான் விலை வரிசையில் கீழே இறங்கும்போது என்விடிஏ "நீலக்கால் நண்டு, 620" என்று மீனின் பெயரைச் சேர்த்தே சொல்லும்; பக்கவாட்டில் நகர்ந்தால் "கிலோ விலை" என்ற மேல்வரியைச் சேர்த்துச் சொல்லும். அழகுக்காகக் கட்டங்களை ஒன்றாக இணைப்பதைத் தவிருங்கள். அங்கேதான் தொடர்பு அறுந்துபோகிறது.

நிவாரணப் பட்டியல் பிடிஎஃபைப் பற்றியும் சொல்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. "தமிழ்" என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் கணினியில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் படிப்பதும் அதையே. ஒரு முறை, தேர்வுப் பணி ஒதுக்கீட்டில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்க, இப்படிப்பட்ட பட்டியல் ஒன்றை இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்து வகுப்பு மாணவியை அழைத்துப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே என் பெயர் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும் இந்தக் கோப்புகள் ஓயவில்லை. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு பெயர்களை மட்டும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் கேட்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கணினியில் எச் விசையை அழுத்தி, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவோம். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்கு அது தலைப்பாகிவிடும், திரைவாசிப்பானுக்கு ஆகாது. நிரலிலும் தலைப்பு என்றே குறிக்க வேண்டும். அதைப் போலவே, நான் இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்கும்போது "இங்கே சொடுக்கவும்" என்பது பத்து முறை வந்தால் எதைச் சொடுக்குவது? "மானிய டீசல் விண்ணப்பம்" என்று இணைப்புக்கே பெயர் வையுங்கள்.

ஒரு வரி நிரலைப் பற்றி என் அனுபவம் இதுதான்: அப்படிப்பட்ட குறி உள்ள சில தளங்களில் அது தானாகவே பேசத் தொடங்கி, என்னுடைய திரைவாசிப்பானும் அதுவும் ஒரே நேரத்தில் பேசியிருக்கின்றன. எனக்கு வேண்டிய குரலும் வேகமும் என் செல்பேசியிலேயே இருக்கின்றன. தளம் தன்னுடைய எழுத்தை எழுத்தாகக் கொடுத்தால் போதும்.


மறுமொழி 2: தொண்டி_நிரலர்

விரல்வழி ஐயா சொன்னவற்றுக்குப் பிறகு, நிரலை எழுதுகிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது தொண்டியில் வீட்டிலிருந்தே இணையதளங்கள் அமைத்துத் தருகிறேன்.

முதலில் ஒரே ஒரு சொல்லைப் பாருங்கள். பக்கத்தின் தொடக்கத்தில் மொழியைக் குறிக்கும் பண்பு ஒன்று உண்டு. ஆயத்த வார்ப்புருவை எடுத்துத் தளம் அமைத்திருந்தால் பெரும்பாலும் அது ஆங்கிலம் என்றே இருக்கும். அதைத் தமிழ் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழைப் படிக்க முயன்று தடுமாறும். அரை நிமிட வேலை.

பிறகு நிற வேறுபாடு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் வழிகாட்டு நெறிகளில், மூன்று நிலைகளில் இடைப்பட்டதாகிய இரட்டை ஏ நிலை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தைக் கேட்கிறது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வடிவமைப்பாளர்கள் விரும்பிப் பயன்படுத்தும் #999 என்ற சாம்பல் நிறம், வெள்ளைப் பின்னணியில் 2.85 மட்டுமே தருகிறது. #767676 என்று சற்று அடர்த்தியாக்கினால் 4.54 வந்துவிடும். இதை மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு என்று மட்டும் எண்ண வேண்டாம். உச்சி வெயிலில் வல்லத்தின் விளிம்பில் உட்கார்ந்து, உப்பு படிந்த செல்பேசித் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். கண்புரை விழத் தொடங்கிய அறுபது வயதுக்காரரையும் நினைத்துப் பாருங்கள். மூன்று பேருக்கும் உதவுவது அதே அடர்ந்த நிறந்தான்.

வரைபடத்தின் சிவப்பும் பச்சையும் வேறு வகையில் இடர் தருபவை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிறக்குறைபாடு, பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாமல் கடலுக்குப் போகிறவர்கள் நம் ஊர்களில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு "போகாதே" என்பதும் "போகலாம்" என்பதும் ஒரே பழுப்பு நிறமாகத் தோன்றலாம். நிறத்தை நீக்க வேண்டியதில்லை. நிறத்தோடு சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஐயா சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எழுத்தை இட்ட பிறகு படத்தை எடுத்துவிட வேண்டாம். முத்திரையும் கையொப்பமும் உள்ள அறிவிப்பைக் கண்ணால் கண்டால்தான் சிலர் நம்புவார்கள். புயல் காலத்தில் வதந்தி பரவும்போது அந்த நம்பிக்கைக்கு மதிப்பு உண்டு. மேலே எழுத்தும் கீழே படமுமாக வையுங்கள். படத்தின் மாற்றுரையில் "மேலே உள்ள அறிவிப்பின் மூலப் படம்" என்று எழுதினால் போதும்.

தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்து பாருங்கள். தெளிவான அச்சாக இருந்தால் தமிழ் எழுத்துகளைப் பெரும்பாலும் சரியாகவே எடுத்துத் தரும். ஆனால் எண்களை ஒன்றுக்கு இரண்டு முறை மூலத்தோடு ஒப்பிடுங்கள். 2.5 மீட்டர் அலை 25 மீட்டராகிவிட்டால் அதைப் படிக்கிறவர் சிரிப்பார், 3.5 மீட்டர் 1.5 ஆகிவிட்டால் கடலுக்குப் போய்விடுவார்.

பொத்தான்களைக் குறைந்தது 24 பிக்சல் உயரமும் அகலமும் உள்ளவையாக வையுங்கள். மேலே சொன்ன வழிகாட்டு நெறிகளின், 2023 அக்டோபரில் வெளிவந்த 2.2 பதிப்பில் சேர்ந்த நெறி அது. 44 பிக்சலாக வைத்தால் இன்னும் நல்லது. வலை இழுத்துக் காய்த்துப்போன விரலுக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு நடுங்குகிற விரலுக்கும் சிறிய பொத்தான் அகப்படாது. திரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைச் சில வார்ப்புருக்கள் தடுத்து வைத்திருக்கின்றன. அந்தத் தடையை எடுத்துவிடுங்கள். படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான பெயரை நிரலோடு பிணையுங்கள். கட்டத்துக்குள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பு, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும், அது பெயராகாது.

அந்த நிறுவனத்தாருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இப்படிப்பட்ட ஒட்டு நிரல் எந்தத் தளத்தையும் நெறிகளுக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம், அந்தக் கூற்று உண்மைக்குப் புறம்பானது என்ற புகாரில் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. ஒளிப்படத்துக்குள் இருக்கும் உங்கள் எச்சரிக்கையை அந்த ஒரு வரி எழுத்தாக்கித் தந்தாலும், எண்கள் சரிதானா என்று உங்களைப் போல ஒருவர் உட்கார்ந்து பார்க்கத்தானே வேண்டும்?

சோதிப்பதற்கு வேவ், ஆக்ஸ் போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. வெப்எய்ம் அமைப்பு 2025-இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 சதவீதப் பக்கங்களில் பிழைகள் தென்பட்டன; முதலிடத்தில் இருந்தது மங்கலான எழுத்து. எனவே உங்கள் தளத்திலும் பிழை வரும். மனம் தளர வேண்டாம். ஆனால் கருவியால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. மாற்றுரை இருக்கிறதா என்று அது சொல்லும். அந்த மாற்றுரை உங்கள் பெரியப்பாவுக்குப் பயன்பட்டதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.


மறுமொழி 3: பெரியபட்டினத்துப் பெண்

காணொளியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். என் தந்தையும் சங்கு குளித்தவர். ஆண்டுக்கணக்கில் ஆழத்தில் மூழ்கி எழுந்ததில் செவிப்பறை பழுதாகி, இப்போது இரண்டு காதும் ஏறக்குறையக் கேட்பதில்லை. குளியாள்கள் பலருக்கு இது நேர்கிறது. உங்கள் சங்கத் தலைவர் காணொளியில் பேசுவது அவருக்கு வாய் அசைவாக மட்டுமே தெரியும். கீழே வசன வரிகள் ஓடினால் அவர் படித்துக்கொள்வார்.

யூடியூபில் ஏற்றி அங்கேயே வசன வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்யலாம். மூன்று நிமிடக் காணொளிக்கு எனக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. தானாக உருவாகும் வரிகளை அப்படியே நம்ப வேண்டாம். ஊர்ப் பெயர்களும் மீன் பெயர்களும் நம்முடைய பேச்சு வழக்கும் அதற்குப் பிடிபடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத பிள்ளைகளுக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழை அவர்கள் இரண்டாம் மொழியாகக் கற்கிறார்கள். "மீனவர்கள் கடலுக்குச் செல்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்ற வாக்கியத்தில் அவர்கள் சிக்கிக்கொள்வார்கள். "நாளை கடலுக்குப் போக வேண்டாம்" என்று எழுதினால் அவர்களுக்கும் புரியும், என் தந்தைக்கும் புரியும். எச்சரிக்கையை மட்டுமாவது அப்படி எழுதுங்கள்.


மறுமொழி 4: கீழக்கரை_சேவை

இ-சேவை மையம் ஒன்றில் பணியாற்றுகிறேன். இதைப் பெரியப்பாவுக்குச் செய்யும் உதவியாக மட்டும் எண்ணாமல், அவருக்குரிய உரிமையாகவும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சட்டத்தின் பக்கத்தைக் குறிப்பிடுகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 46-ஆம் பிரிவு, சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல்தன்மை விதிகளின்படியே சேவை வழங்க வேண்டும் என்கிறது. 2017-இல் வந்த விதிகளில் உங்கள் கேள்விக்கு நேராகவே ஒரு வரி இருந்தது: தளத்தில் இடும் ஆவணங்கள் இபப் என்ற மின்னூல் வடிவிலோ, எழுத்துணரி வழியாக எழுத்தாக்கப்பட்ட பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும். வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றுவது இதற்கு முரண்.

அந்த விதி வெறும் பரிந்துரை போல் அமைந்திருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறி, கட்டாயமான தரங்களை வகுக்குமாறு நடுவண் அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்கில், எண்ணிம (டிஜிட்டல்) வழி அணுகல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. வங்கியில் வாடிக்கையாளர் சரிபார்ப்புக்குக் கண் சிமிட்டிக் காட்டச் சொன்னார்கள். சிமிட்ட இமையே இல்லாதவர் என்ன செய்வார் என்பதே அந்த வழக்கின் மையம். நம்முடைய மையத்துக்கு வருகிறவர்களை வைத்துப் பார்த்தாலே அதன் கனம் எனக்குத் தெரியும். ஒரு முறைக் கடவுச்சொல் வந்து, அதைச் செல்பேசியிடம் கேட்டுத் தட்டச்சு செய்வதற்குள் நேரம் முடிந்து, மூன்றாவது முறையும் தோற்றுப்போன பெரியவரின் கையிலிருந்து செல்பேசியை வாங்கி நான் முடித்துக் கொடுக்கிறேன். அவருடைய வங்கி விவரம் முழுவதையும் நான் பார்க்கிறேன். நான் நல்லவளாக இருப்பதை நம்பித்தான் அவர் தன் பணத்தைப் பெற வேண்டியிருக்கிறது. அது முறையல்ல.

உங்கள் சங்கம் சிறியது; உங்கள்மேல் யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. ஆனால் அறிவிப்பைப் படமாகவே அனுப்பும் அலுவலகத்துக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம். அரசுத் தளங்களுக்கு இந்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2009-லிருந்தே உள்ளன; மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. இவற்றைச் சுட்டி, படத்தோடு எழுத்து வடிவத்தையும் அனுப்புமாறு சங்கத்தின் முத்திரையோடு கேளுங்கள். அந்த அறிவிப்பு முதலில் ஏதோ ஒரு கணினியில் எழுத்தாகத்தானே பிறந்திருக்கும்? அதை அச்சிட்டு, படம் பிடித்து, அனுப்பி, நீங்கள் மறுபடியும் எழுத்தாக்குவது எல்லோருக்கும் வீண் வேலை.


மறுமொழி 5: மண்டபம்கரை

அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அந்த நிறுவனத்தாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தின் மொழியைத் தமிழாக மாற்றினேன். அது உண்மையில் ஆங்கிலம் என்றுதான் இருந்தது. சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கினேன். மீன் விலையைத் தலைப்புக் கட்டங்களோடு அட்டவணையாக்கிவிட்டேன். நிவாரணப் பட்டியலில் பாதி மாற்றியிருக்கிறேன். காணொளியை இன்னும் தொடவில்லை. கடிதத்தில் சங்கத் தலைவர் கையொப்பமிட்டுவிட்டார். நாளை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம்.

எச்சரிக்கையை எழுத்தாக இட்ட முதல் நாள் மாலையிலேயே பெரியப்பாவிடம் போனேன். செல்பேசி "வடகடல், நாளை கடலுக்குப் போக வேண்டாம்" என்று சொன்னதும் தலையை அசைத்தார். அடுத்த வரியில் நான் "காற்று 45-55 கி.மீ." என்று எழுதியிருந்தேன். அது நடுவிலுள்ள கோட்டை விழுங்கிவிட்டு "நாற்பத்தைந்து ஐம்பத்தைந்து கி மீ" என்று படித்தது. அவர் நிறுத்தி, "நாப்பத்தஞ்சா, அம்பத்தஞ்சா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இடையில் என்று விளக்கினேன். "அப்ப அப்படி எழுதேன்" என்றார். இப்போது "45 முதல் 55 கிலோமீட்டர் வரை" என்று முழுச் சொல்லாகவே எழுதுகிறேன். காற்று எந்தத் திசையிலிருந்து என்பதை நான் எழுதவே இல்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார்; வரைபடத்தில் அம்புக்குறியாக இருந்தது, எழுத்தாக்கும்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியையும் சேர்த்துவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம்: தேதியை எப்படி எழுதுவது?


மறுமொழி 6: விரல்வழி

புள்ளி வைத்து எழுத வேண்டாம். 12.06 என்று எழுதினால் சில குரல்கள் அதைப் பன்னிரண்டு தசம பூஜ்ஜியம் ஆறு என்று படிக்கும். அலை உயரத்துக்குப் பக்கத்தில் அப்படி வந்தால் குழப்பம். "ஜூன் 12, வியாழக்கிழமை மாலை 6 மணி நிலவரம்" என்று கிழமையோடு எழுதுங்கள். அதை அறிவிப்பின் முதல் வரியாக வைத்தால், தான் கேட்பது இன்றைய அறிவிப்பா நேற்றையதா என்பது பெரியப்பாவுக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.